ஒரு திறவுகோல், இரு பூட்டுகள்

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்வது பங்குத்தந்தையரின் வழக்கம். பல ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு நான் சென்றபோது, பெரியவர் ஒருவர் கட்டிலில் சுவரை நோக்கித் திரும்பிப் படுத்திருந்தார். கோயில் காரியங்கள் அனைத்திலும் முன்நின்று உழைத்தவர். தேர்த் திருவிழா என்றால் அவர் குரல்தான் ஊரெங்கும் கேட்கும். அவருக்கு இடுப்பெலும்பில் இரவும் பகலும் வலி. வாயுப் பிடிப்பு என்று வீட்டாரிடம் கூறி, எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஏழெட்டு மாதங்களைக் கழித்திருந்தார்.

உண்மை அதுவன்று. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் தோன்றி, எலும்பு வரை பரவிவிட்டதென மருத்துவர் முன்னரே அவரிடம் கூறியிருந்தார். விரைகளை அகற்றும் அறுவையைச் செய்துகொண்டால் வலி தணியும் என்றும் சொல்லியிருந்தார். பெரியவர் இதனை மனைவியிடம்கூடத் தெரிவிக்கவில்லை. அந்த அம்மாள் அடுக்களைக்குள் சென்ற நேரத்தில், தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்: "சாமி, அதை எடுத்துவிட்டால் நான் ஆம்பிளைதானா? கடவுள் கொடுத்த உறுப்பை வெட்டி எறிவது பாவமில்லையா?"

இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதன்று; கட்டிலருகே நடந்த உரையாடல். பின்னாளில் அவரும் அவர் துணைவியாரும், பிறருக்குப் பயன்படுமானால் சொல்லுங்கள் என்று இசைவு தந்ததால் பெயரும் ஊரும் குறிப்பிடாமல் இங்கே எழுதுகிறேன். அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். பாவமா என்ற கேள்விக்கு அன்றே என்னால் விடை கூற முடிந்தது. ஆண்மையைப் பற்றிய கேள்விக்கு அரைகுறையாகவே ஆறுதல் சொன்னேன். அதற்குரிய முழுமையான விடை, மருத்துவ அறிவியலின் நெடிய வரலாற்றில் இருக்கிறது. அதனை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சிகாகோ மருத்துவரின் கண்டுபிடிப்பு

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம்போல் அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. இளமையில் பெரிய நெல்லிக்காய் அளவே இருக்கும். விந்து நீரின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் பணி. வயது ஏற ஏற அது பருத்துக் குழாயை நெருக்குவதால், முதியோர் பலர் இரவில் அடிக்கடி எழ நேரிடுகிறது. இப்பருமன் பெரும்பாலும் தீங்கற்றது, புற்றுநோயன்று. ஆயினும் சிலரிடம் அச்சுரப்பியின் உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிப் புற்றாகின்றன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது.

கனடா நாட்டின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1901-ஆம் ஆண்டு பிறந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் அறுவை மருத்துவர், நாய்களிடம் இச்சுரப்பியை ஆராய்ந்தார். மனிதரைப் போலவே நாய்களுக்கும் முதுமையில் இது பருப்பதுண்டு. விரைகளை அகற்றினால் பருத்த சுரப்பி சுருங்குவதை அவர் கண்டார். பெண்மைக்குரியதென்று கருதப்பட்ட ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் செலுத்தினாலும் அவ்வாறே சுருங்கியது. ஹார்மோன் என்பது, உடலின் ஒரு பகுதியில் சுரந்து, குருதியில் கலந்து, வேறொரு பகுதிக்குக் கட்டளை கொண்டு செல்லும் நீராகும்.

1941-ஆம் ஆண்டில் ஹக்கின்ஸும் அவருடைய மாணவர் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், நோய் எலும்புக்குப் பரவியிருந்த நோயாளிகளிடம் இம்முறைகளைக் கையாண்டு, முடிவுகளை வெளியிட்டனர். படுக்கையில் துடித்தவர்களுக்கு வலி விரைவில் தணிந்தது. குருதியில் ஏறியிருந்த 'அமில பாஸ்பட்டேஸ்' என்னும் நொதியின் அளவு இறங்கியது. புற்றுநோய் எந்தக் கட்டளைக்கும் பணியாத கலகக்காரன் என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். இல்லை, அதற்கும் உணவு வேண்டும். ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனே இந்நோய்க்கு அந்த உணவு. அதனை நிறுத்தினால் நோய் வாடும் என்பதை ஹக்கின்ஸ் மெய்ப்பித்தார். அவருக்கு 1966-ஆம் ஆண்டில், பேட்டன் ரவுஸ் என்னும் அறிஞரோடு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இச்சிகிச்சை நோயை வேரோடு அழிப்பதன்று. பெரும்பாலோரிடம் அது சில காலத்துக்குப் பின் மீண்டும் தலைதூக்கும். ஆயினும் அச்சில காலம் வலியற்ற காலமாக அமைவது சிறிய கொடையா?

உரோமையில் எழுந்த கேள்வி

பெரியவரின் கேள்வி, அவருக்கு முன்னரே கத்தோலிக்க மருத்துவர்களின் உள்ளங்களில் எழுந்ததுதான். நோயுற்ற உறுப்பை அகற்றலாம் என்பதில் ஐயமில்லை. ஆனால் விரைகளில் நோயில்லையே! நோயற்ற உறுப்பை நீக்கலாமா?

1953-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், இத்தாலிய சிறுநீரியல் மருத்துவர்களின் மாநாட்டினரிடம் உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதற்கு விடையளித்தார். குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் 'முழுமை நெறி' என்று நாங்கள் கற்றது இதுவே. உறுப்பு உடல் முழுமைக்காகவே இருக்கிறது. ஓர் உறுப்போ அதன் இயக்கமோ உடல் முழுவதற்கும் பெருங்கேடு விளைவிக்க வேண்டும். அக்கேட்டை வேறு வழியால் தவிர்க்கவோ குறைக்கவோ இயலாதிருக்க வேண்டும். அறுவையால் வரும் இழப்பை விட நன்மை மிகுதியென நியாயமாக எதிர்பார்க்கக் கூடியதாயிருக்க வேண்டும். இம்மூன்றும் பொருந்துமாயின், அவ்வுறுப்பு நோயற்றதாயினும் அகற்றலாம். புற்றுநோய் வளரும் நிலத்தையே அதனிடமிருந்து எடுத்துவிடும் அறுவையையும் திருத்தந்தை இவ்வுரையில் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். மகப்பேற்றைத் தடுப்பதற்கென்றே செய்யும் கருத்தடை வேறு. நோய் தீர்க்கும் முயற்சியில் நேரும் இழப்பு வேறு. ஆகவே, அன்று அந்தப் பெரியவரிடம், "பாவமில்லை; மருத்துவர் சொற்படி செய்யுங்கள்" என்று உறுதியாகக் கூறினேன்.

இலண்டன் மாத்திரை கற்பித்த பாடம்

எல்லாரும் அறுவைக்கு இசைவதில்லை. 1938-ஆம் ஆண்டில் இலண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும், ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயற்படும் ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் வேதிப்பொருளை ஆக்கியிருந்தனர். அதற்கு எவரும் தனியுரிமை பெறவில்லையாதலால் மலிவாகக் கிடைத்தது. பல ஆண்டுகள் புராஸ்டேட் புற்றுநோயாளருக்கு அம்மாத்திரையே அறுவைக்கு மாற்றாக விளங்கியது.

அது செயற்படும் விதத்தை வீட்டு நீர்த்தொட்டியைக் கொண்டு விளக்கலாம். தொட்டி நிறைந்தால் நாம் மோட்டாரை நிறுத்துகிறோம் அல்லவா? மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் விரைகளை இயக்கும் மோட்டார். குருதியில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்தால், தொட்டி நிறைந்தது என மூளை கருதி மோட்டாரை நிறுத்திவிடுகிறது. விரைகள் ஓய்கின்றன, டெஸ்டோஸ்டிரோன் வற்றுகிறது.

ஆனால் மிகுதி எதிலும் கேடுண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் 1960-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வின் முடிவுகள் 1967-இல் வெளிவந்தன. நாள்தோறும் 5 மில்லிகிராம் உண்டவர்களிடம் புற்றுநோய் மரணங்கள் குறைந்தன. ஆனால் இதய நோயாலும் குருதிக் குழாய் நோயாலும் இறந்தவர் தொகை உயர்ந்து, அந்நன்மையை விழுங்கிவிட்டது. 1 மில்லிகிராமே போதும் எனப் பின்னர் அறியப்பட்டது. வாயால் உட்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலை அடைந்து, குருதியை உறையச் செய்யும் பொருள்களை அங்கே பெருக்குவதே இக்கேட்டிற்குக் காரணம். 1971-ஆம் ஆண்டிலோ, கருவுற்ற தாய்மாருக்கு இதே மாத்திரை கொடுக்கப்பட்டதால், அவர்கள் பெற்ற பெண் மக்களில் சிலருக்கு இளமையிலேயே அரிய வகைப் புற்றுநோய் தோன்றியது வெளிப்பட்டது. பெண்களுக்கு இயல்பான பொருள் என்று கருதியது பெண் மக்களுக்கே தீங்காயிற்று. ஆண்களுக்கு அயலானது என்று கருதியது ஆண்களின் வலியைத் தீர்த்தது. பெயரைப் பார்த்து மருந்தை எடைபோடலாகாது என்பது இதிலிருந்து புலனாகும்.

மாற்று வழியில் ஏறியவர்

இங்கே ஒரு வினா எழுகிறது. ஈஸ்ட்ரோஜன் குருதியில் உடல் முழுவதும் சுற்றுகிறது. சில உறுப்புகள் மட்டும் அதன் சொற்கேட்டு நடப்பது எங்ஙனம்?

இதற்கு விடை கண்டவர் ஹக்கின்ஸின் ஆய்வுக்கூடத்திலேயே பணியாற்றிய எல்வுட் ஜென்சன் என்னும் வேதியியலாளர். இளமையில் இவர் சுவிட்சர்லாந்தில் மேட்டர்ஹார்ன் என்னும் மலைச்சிகரத்தில் ஏறியவர். அச்சிகரத்தை 1865-இல் முதன்முதல் வென்ற எட்வர்ட் விம்பர், இத்தாலியப் பக்கமிருந்து பலமுறை முயன்று தோற்று, பிறகு சுவிஸ் பக்கமிருந்து ஏறி வென்றார். ஆய்விலும் மாற்று வழி தேட வேண்டும் என்பது ஜென்சன் அதிலிருந்து பெற்ற பாடம். ஹார்மோன் உறுப்பை என்ன செய்கிறது என்று மற்றவர்கள் வினவிக் கொண்டிருக்க, உறுப்பு ஹார்மோனை என்ன செய்கிறது என்று அவர் வினவினார். கதிரியக்க அடையாளம் இட்ட ஈஸ்ட்ரோஜனைப் பெண் எலிகளுக்குச் செலுத்தி, அது செல்லும் இடத்தைத் தேடினார். கல்லீரலும் குருதியும் அதனை விரைவில் இழந்தன. கருப்பையோ அதனைப் பற்றி வைத்துக்கொண்டது. 1950-களின் இறுதியில் தெளிவான இவ்வுண்மையே 'ஏற்பி' என்னும் கருத்துக்கு அடிப்படை. ஹார்மோன் ஒரு திறவுகோல். ஏற்பி அதற்குரிய பூட்டு. பூட்டுள்ள வீட்டில்தான் திறவுகோல் வேலை செய்யும்.

சுவீடனில் கிடைத்த இரண்டாம் பூட்டு

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரே வகைப் பூட்டுதான் உண்டு என உலகம் நம்பியது. 1996-ஆம் ஆண்டில் சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வுநிலையத்தில் ஜார்ஜ் கைப்பரும் யான்-ஓகே குஸ்டாஃப்சனும் அவர்தம் குழுவினரும், இரண்டாவது ஏற்பி ஒன்றின் மரபணுவைக் கண்டெடுத்தனர். அது கிடைத்த இடம் எது தெரியுமா? ஆண் எலியின் புராஸ்டேட் சுரப்பி! பழையதற்கு 'ஆல்ஃபா' என்றும், புதியதற்கு 'பீட்டா' என்றும் பெயர் வழங்கலாயிற்று.

ஒரே சுரப்பியில் இவ்விரு பூட்டுகளும் வெவ்வேறு இடங்களில் அமைந்துள்ளன. ஆல்ஃபா, பெரும்பாலும் சுரப்பியைத் தாங்கி நிற்கும் இணைப்புத் தசைப் பகுதியில் உள்ளது. பீட்டா, நீரைச் சுரக்கும் உட்படல உயிரணுக்களில் மிகுதி. பொதுவாக நோக்கின், ஆல்ஃபா வழியே வரும் கட்டளை உயிரணுக்களை வளரத் தூண்டுகிறது. பீட்டா வழியே வரும் கட்டளை வளர்ச்சிக்குக் கடிவாளமிடுகிறது. ஆல்ஃபா ஏற்பி இல்லாத எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோனையும் ஈஸ்ட்ரோஜனையும் சேர்த்துச் செலுத்தியபோது, மற்ற எலிகளுக்கு வந்த புராஸ்டேட் புற்றுநோய் அவற்றுக்கு வரவில்லை என 2008-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

இதனால் ஒன்று தெளிவாகிறது. ஈஸ்ட்ரோஜன் இந்நோய்க்கு நண்பனா, பகைவனா என்று கேட்பதே பொருந்தாது. எந்தப் பூட்டை அது திறக்கிறது என்றே கேட்க வேண்டும். பல நோயாளிகளிடம் புற்று முற்ற முற்ற பீட்டா குறைந்துபோவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். ஆனால் எலும்புக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவிய புற்றில் அது மீண்டும் காணப்படுவதுண்டு. பீட்டாவிலேயே பல உருவங்கள் உள்ளன, அவற்றுள் சில நோய் பரவத் துணைபோகின்றன. ஆகவே அறிஞர்களிடையே விவாதம் இன்னும் முடியவில்லை. பீட்டாவை மட்டும் திறக்கும் மருந்து எதுவும் இன்று வரை இந்நோய்க்கு வழக்கமான சிகிச்சையாகவில்லை. இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு: ஹார்மோனைச் சீர்செய்யும் அருமருந்து என்று யாரேனும் விளம்பரம் செய்து விற்றால், வாசகர்கள் பணத்தையும் நாளையும் இழக்க வேண்டாம்.

தாத்தாவின் குருதியில்

இனி, பெரியவரின் முதல் கேள்விக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் பெண்ணுக்கு மட்டுமே உரியதா? 1934-ஆம் ஆண்டில் பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்னும் அறிஞர், ஆண் குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருப்பதைக் கண்டு வியந்தார். ஆணின் உடலில், டெஸ்டோஸ்டிரோனின் ஒரு சிறு பகுதியை 'அரோமட்டேஸ்' என்னும் நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. கொழுப்புத் திசு இம்மாற்றம் நிகழும் முக்கியமான இடம். முதிய தாத்தாவின் குருதியில், மாதவிடாய் நின்ற பாட்டியின் குருதியில் இருப்பதை விட ஈஸ்ட்ரோஜன் மிகுதி என்றால் நம்புவீர்களா? பொதுவாக நோக்கின், அதுவே உண்மை.

ஆணுக்கு அதனால் என்ன பயன்? 1994-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் 28 வயதான ஒருவரைப் பற்றி எழுதினர். பிறவியிலேயே அவருடைய ஆல்ஃபா ஏற்பி பழுதுற்றிருந்தது. குருதியில் ஈஸ்ட்ரோஜன் இருந்தும் உடல் அதனைக் கேட்கவில்லை. ஆண்மைக்குரிய தோற்றமெல்லாம் அவருக்கு இருந்தது. ஆனால் 204 சென்டிமீட்டர் உயரத்தை எட்டியும் எலும்புகளின் வளர்ச்சி நிற்கவில்லை. அவை உறுதியற்றும் இருந்தன. ஆணின் எலும்பை உரிய வேளையில் முதிரச் செய்வதும் உறுதியாக்குவதும் ஈஸ்ட்ரோஜனே என்பது அவரால் விளங்கியது.

ஆகவே, ஆணையும் பெண்ணையும் ஒரு சொட்டு ஹார்மோன் பிரித்துவிடுவதில்லை. படைத்தவர் இருவர் உடலிலும் இருவகை ஹார்மோன்களையும் வைத்திருக்கிறார், அளவுதான் வேறு. அது குறைந்தால் ஒருவன் தந்தையல்லாமற் போவதில்லை, கணவனல்லாமற் போவதில்லை. குடும்பத்துக்காக வியர்வை சிந்திய ஐம்பது ஆண்டுகளை எந்த அறுவை அகற்றிவிடும்?

தோலின் வழியே

டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தும்போது, அதிலிருந்து பிறக்கும் ஈஸ்ட்ரோஜனும் வற்றுகிறது. சிகிச்சை பெறும் ஆண்களுக்கு உடல் திடீரெனக் கொதிப்பதுபோல் வியர்ப்பதும், எலும்பு மெலிந்து முறிவதும் பெரும்பாலும் இதனால்தான். இன்று பலருக்கு அறுவைக்கு மாற்றாக, பிட்யூட்டரியை ஓயவைக்கும் ஊசிகள் உள்ளன. அவற்றிலும் இவ்விளைவு உண்டு.

இதனை எண்ணியே இங்கிலாந்தின் ஆய்வாளர்கள், மறக்கப்பட்டிருந்த ஈஸ்ட்ரோஜனை மீண்டும் கையில் எடுத்தனர். இம்முறை வாயால் அன்று, தோலில் ஒட்டும் பட்டையாகத் தந்தனர். அவ்வழி செல்லும் மருந்து முதலில் கல்லீரலைத் தாக்குவதில்லை. 2007 முதல் 2019 வரை 1,694 பேர் சேர்க்கப்பட்ட அவ்வாய்வின் ஒரு பகுதி 2021-இல் வெளிவந்தது. இதய நோய், குருதிக் குழாய் நோய் இவற்றின் அளவில் பட்டைக்கும் ஊசிக்கும் பெரிய வேறுபாடில்லை என அது காட்டியது. நோயைக் கட்டுப்படுத்துவதிலும் பட்டை ஊசிக்குக் குறைந்ததன்று என 2024-இல் அறிவிக்கப்பட்டது. எலும்பு காக்கப்படுகிறது, உடற்கொதிப்பு குறைகிறது, ஆனால் மார்பு பருப்பது மிகுதி. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இல்லங்களுக்கு ஒரு சொல்

இந்நோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள், இதற்கான குருதிப் பரிசோதனை தமக்குத் தேவையா என மருத்துவரிடம் கேட்பது நன்று. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் வந்திருந்தால் சற்று முன்னரே கேட்க வேண்டும். சிறுநீர் தடைப்படுதல், சிறுநீரில் குருதி, ஆறாத இடுப்புவலி, முதுகுவலி இவற்றை வயதின் கோளாறு என்று தள்ளிவிடலாகாது. சிகிச்சை பெறுவோர் எலும்பின் உறுதியையும் சோதித்துக்கொள்ள வேண்டும். இல்லத்தரசிகளே, மருத்துவரைக் கண்டு வந்த கணவர் பேச்சைக் குறைத்தால், அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். மக்களே, தந்தையோடு நீங்களும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்தப் பெரியவர் மறுநாளே மனைவியிடம் உண்மையைச் சொன்னார். அந்த அம்மாள் அழவில்லை. "இதற்கா எட்டு மாதம் என்னிடம் பேசாமல் இருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டாராம். அறுவை நடந்தது. வலி தணிந்தது. அதற்குப் பின் இரண்டு தேர்த் திருவிழாக்களை அவர் கண்டார். வடம் பிடிக்க இயலாவிட்டாலும் நாற்காலியில் அமர்ந்து குரல் கொடுத்தார். மூன்றாம் ஆண்டில், நோயில் பூசுதல் பெற்று அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் என்னிடம் கூறியது இது: "சாமி, வலியைவிட அதை மறைத்த எட்டு மாதந்தான் பெரிய வேதனை. முன்னாடியே கேட்டிருக்கலாம்." இதனை வாசிக்கும் எவரேனும் அவ்வாறு மறைத்துக்கொண்டிருந்தால், இன்றே யாரிடமேனும் கேளுங்கள்.